வெளிநாட்டுத் துணி உடம்புக்கு ஆகாது

முழங்கால் வலியால் மண்டிபோட முடியவில்லை, சாமி. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குக் கல்யாணம் என்பதால் லிடியா வேலைக்கு வரவில்லை, அவள் இல்லாமல் திறந்துவைத்தும் பிரயோஜனமில்லை.

நடுவில் திரை இருந்தாலும் குரலை வைத்தே ஜவுளிக்கடை தைரியநாதன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடை வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் முதலில் என் கடை வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். பிறகு எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. எந்தச் சீமையிலோ தைத்த சட்டையைப் படத்தில் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். என் கடைக்கு வந்து அளவு போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போய், அதே மாதிரியைப் போனில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, சாமி. கோபம் என்று சொன்னால் இன்னொரு பாவம் கூடிவிடும். வருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் பார்சல் வண்டி ஏறாது. மலைக்காரர்கள் பார்சலை உங்கள் கடையில் இறக்கிவைக்கிறோம், அவர்களே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று பார்சல்காரர்கள் கேட்டார்கள். வருகிறவர்கள் நம் சரக்கையும் பார்ப்பார்களே என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் பார்த்தது என் கண்ணாடியை. அதன்முன் நின்று வெளிநாட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, நன்றாயிருக்கிறதா என்று என்னிடமே கேட்பார்கள். நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வேன்.

மலையில் வேலிகளின்மேல் பூனைக்காலி என்று ஒரு கொடி படரும். அதன் காயில் பொன்னிறமாக முடிபோலச் சுணை இருக்கும். மேலே பட்டால் தோல் தடித்து, சொறிந்து மாளாது. குஞ்சம்மாள் என்கிற மலைக்காரப் பெண் அதன் விதையை எடுத்து மருந்துக்கடைகளுக்கு விற்கிறாள். சுணையை வழித்துக் கொட்டிவிடுவாள். வயிற்றுப்பூச்சிக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு என்பதால், எனக்குக் கொஞ்சம் வேண்டும் என்றபோது அவள் காரணம் கேட்கவில்லை. பார்சலை ஓரத்தில் பிரித்து, கழுத்துப்பட்டிக்குள் ஒரு சிட்டிகை தூவி, மறுபடி ஒட்டிவைப்பேன். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்வேன். எல்லாருக்கும் செய்ததில்லை. குழந்தைகள் துணியில் தூவியதில்லை. அதாவது, குழந்தைத் துணி என்று தெரிந்து தூவியதில்லை. உங்கள் செருப்புகூட அப்படித்தான் பார்சலில் வந்து என் கடையில் இருந்தது. குருவானவர் பொருளில் கைவைக்கும் அளவுக்கு நான் கெட்டவனில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. உடம்பு தடித்துப்போனவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குத் திரும்பி வந்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. சாயம் எந்த ஊர்ச் சாயமோ, நம் வெயிலுக்குச் சேரவில்லை போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வெளிநாட்டுத் துணி உடம்புக்கு ஆகாது என்பதை அவர்களே கண்டுபிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள்.

லிடியா விஷயத்துக்கு வருகிறேன். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டுக்குப் போகிற உபகாரமேரியின் மகள். உபகாரமேரி என்னை அண்ணே என்பாள், அதனால் லிடியாவுக்கு நான் மாமா. சின்ன வயதில் புதுநன்மை வாங்கியபோது என் கடையில்தான் வெள்ளைக் கவுன் எடுத்தாள். படித்தாள், கள்ளக்குறிச்சியில் ஒரு ஆபீசில் சேர்ந்தாள், நல்ல இடத்தில் கல்யாணம் கூடிவந்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று என் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தாள். ஒருநாள் வந்து, "மாமா, என் கல்யாண கவுனு வெளிநாட்லேர்ந்து வந்துகினு கீது, பத்திரமா வச்சிருங்க" என்றாள். அப்படியே முகம் மலர்ந்து சொன்னாள். என் கடையில் தொங்குகிற வெள்ளைப் புடவைகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அன்றைக்குச் சிட்டிகை கொஞ்சம் கூடிப்போனது. பெரிய கவுன் இல்லையா.

நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் பீடத்தில் நின்றீர்கள். பிரசங்கத்தின்போதே அவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்துவிட்டாள். தாலி எடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவந்து முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். கழுத்து, தோள், கை எல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. "தோல் வியாதிய மறைச்சி எங்க தலையில கட்டப் பாத்தீங்களா" என்றாள். அழுத மகளை உபகாரமேரி கட்டிப்பிடித்துக்கொண்டாள், அதில் அவளுக்கும் கையெல்லாம் தடித்துவிட்டது. அப்படியானால் பரம்பரை வியாதிதான் என்று மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறினார்கள். ஆக்கிவைத்த பிரியாணி வீணாகக் கூடாது என்று வந்தவர்களைச் சாப்பிடச் சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன். ருசியில் குறையில்லை.

ஆபீசில் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்களாம். லிடியா வேலையை விட்டுவிட்டாள். உபகாரமேரி வந்து, "அண்ணே, பொண்ணு வூட்டு மூலையிலயே குந்திகினு கீது, எதுனா வேல குடுங்க" என்று அழுதாள். நான் யோசிக்கவே இல்லை, சாமி, மறுநாளே வரச் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்துக்கு யார் கதவைத் திறந்தார்கள், சொல்லுங்கள். பாதிக் கடையை அவளே தூக்கி நிறுத்தினாள். உள்ளே நுழைகிற பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். புடவையைப் படம் பிடித்து மலைப்பெண்களின் போனுக்கு அனுப்பி, அங்கிருந்தே கேட்டு வாங்கவைத்தாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது. முழுக்கை ரவிக்கைதான் போடுவாள், யாரையும் தொடாமல் தள்ளி நின்றுதான் பேசுவாள். எங்கே போனாலும் சாயங்காலம் கடைக்குத் திரும்பிவிடுகிற பெண்ணாக இருந்தாள்.

இதற்குள் மார்ட்டின் வந்து சேர்ந்தான். ரிஷிவந்தியம் பக்கத்துப் பையன், என் கடையில் பார்சல் இறக்குகிற வேன் டிரைவர். சரக்கை இறக்கிவிட்டும் போகாமல் நின்று பேசுவான். ஒருநாள் லிடியா தன் கதையை அவனிடம் சொல்லிவிட்டாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவன் சிரித்துவிட்டு, "எனக்குந்தான் இந்தக் கடைலேர்ந்து ரிட்டன் பார்சலத் தூக்கினா கையி அரிக்குது. அதுக்கு இன்னா இப்போ, கட்டிக்க மாட்டியா" என்றான். அவள் அழுதாள். பிறகு அவளும் சிரித்தாள். கடையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நீங்கள் அவர்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தபோது கோவிலில் முன்வரிசையில் நின்றேன். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றீர்கள். எனக்குத் தடை எதுவும் தெரியவில்லை. கல்யாணம் முடிந்ததும் ஓசூருக்குப் போகிறார்கள் என்பதுகூட எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கூறைப்புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் திருவண்ணாமலைக்குப் போகலாம் என்றார்களாம். லிடியா விடவில்லை. எல்லாரையும் என் கடைக்கே கூட்டிவந்து, அவர்கள் முன்னால் சொன்னாள்: "அந்த கவுனப் போட்டதுதாங்க நான் பண்ண தப்பு. இனிமே எங்க மாமா கடைத் துணியத் தவிர வேற எதையும் ஒடம்புல போட மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாமி. இத்தனை நாள் நான் பட்ட பாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும். ஆரணிப் பட்டில் அரக்கு நிறம் அவளே தேர்ந்தெடுத்தாள். பெட்டியில் வைத்து நாளைக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கு உள்ளறையில் கையுறையைத் தேடியபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இது வெளிநாட்டுத் துணி இல்லை, என் கடைச் சரக்கு. என் சரக்கில் நான் அதுவரை தூவியதே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். ஓசூரில் அவளுக்கு யாரைத் தெரியும்? போனில் எதையாவது பார்த்து வாங்கி, மறுபடி ஏமாந்து நிற்பாள். இங்கே இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். இவ்வளவு நாளும் பார்த்துக்கொள்ளவில்லையா? ஒருமுறை தாங்கியவள், இன்னொரு முறையும் தாங்கிக்கொள்வாள். திங்கட்கிழமை எப்போதும்போல் கடைக்கு வந்துவிடுவாள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது, அதை வைத்து எதையும் தடுக்கவும் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடம் வந்தேன். செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்கிறது. எந்த அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன், ஜெபமாலை எத்தனை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நாளைக் காலையில் பூசைக்கு முன்னால் அந்தப் புடவையைத் தட்டில் வைத்து உங்களிடம் கொண்டுவருவார்கள். நீங்கள் மந்திரித்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டுதான் லிடியா பீடத்துக்கு வருவாள். தீர்த்தத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று தெளியுங்கள், சாமி. புடவையைத் தொட்டுவிடாதீர்கள், உங்கள் கைக்கு ஆகாது.