முதுகில் பட்ட குண்டு

"போ மாப்ள! நான் சுடுதேன்! போ!"

மாரிச்சாமி கத்துகிறான். நான் எழுந்து ஓடுகிறேன். குனிந்து ஓடுகிறேன். எதிரிக்கு முதுகைக் காட்டித்தான் ஓடுகிறேன். பின்னால் அவன் துப்பாக்கி. டப். டப். கொஞ்சம் இடைவெளி. டப். சினிமாவில் கொட்டுவதுபோல் அவன் கொட்டவில்லை. கொட்டினால் மாகசினில் இருக்கும் குண்டெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காலி. அது காலியானால் நடுவழியில் நான் காலி. அதனால் எண்ணி எண்ணிச் சுடுகிறான்.

தலைக்கு மேலே குண்டு போகும் சத்தம் சாட்டையைச் சொடுக்கினதுபோல் இருக்கும். அது காதில் விழுந்தால் குண்டு நம்மைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் அதை மூன்று முறை கேட்டேன்.

பாறை. விழுகிறேன். முழங்கை கிழிகிறது. புரண்டு படுத்துத் துப்பாக்கியை நீட்டுகிறேன். இப்போது என் முறை.

"வா மாப்ள! நான் சுடுதேன்! வா!"

நான் சுட்டேன். அவன் எழுந்தான். என்னை நோக்கி ஓடி வந்தான். வலது பக்கத்து மேட்டிலிருந்து ஒரே ஒரு குண்டு வந்தது. அங்கே ஆள் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

சினிமாவில் குண்டு பட்டவன் காற்றில் பறப்பான். மாரி பறக்கவில்லை. கால் தடுக்கியவன்போல் முன்பக்கமாக விழுந்தான். தடுக்கித்தான் விழுந்தான் என்று நானும் நினைத்தேன். எனக்கு முன்கோபம். சுள்ளென்று எரிச்சல் வந்தது.

"ஏலே, எந்திரி! எந்திரிச்சு வாலே!"

திட்டினேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எழவில்லை.

ஊர்ந்து போய்ப் பிடித்து இழுத்தேன். முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, சின்னதாக ஒரு ஓட்டை. பையிலிருந்த பேண்டேஜைப் பிரித்து வைத்து அழுத்தினேன். என் மனைவி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். அவள் சேலையில் தினமும் வருகிற அதே வாசம். துணி நனைந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் நனைந்தது. அப்புறம் பக்கத்தில் பீரங்கி ஷெல் விழுந்தது. அதன் சத்தம் எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு என் இடது காதில் எந்தச் சத்தமும் இல்லை.

இடத்தின் பெயரையும் நாளையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எல்லையில் ஒரு மலைச்சரிவு. அவ்வளவுதான் சொல்லலாம்.

நான் ராஜபாளையம். மாரி ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் ஊர் வந்துவிடும் தூரம். ஆனாலும் பழகியது பயிற்சி முகாமில்தான். அங்கே முதல் மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் அடிவாங்கிக் கொடுத்தது சினிமா. துப்பாக்கியை ஒற்றைக் கையால் பிடிப்பது. இடுப்பில் வைத்துக்கொண்டு சுடுவது. உருண்டு எழுவது. உருண்டால் குழாயில் மண் ஏறும், மண் ஏறினால் கையிலிருப்பது வெறும் கட்டை. வாத்தியார் எங்கள் தலையில் தட்டித் தட்டி அதையெல்லாம் வெளியே எடுத்தார். பிறகு ஒன்றை உள்ளே ஏற்றினார். ஒருவன் ஓடும்போது மற்றவன் சுட வேண்டும். யாரும் சுடாதபோது யாரும் ஓடக் கூடாது. பின்வாங்கு என்று உத்தரவு வந்தால் இடது பக்கம் இருப்பவன் முதலில்.

அன்றைக்கு உத்தரவு வந்தது. இடது பக்கம் படுத்திருந்தது நான். அதனால் நான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வருகிறேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே நான். ஆளுயரத்துக்கு மேலே, பிளக்ஸில். மச்சினன் வைத்திருந்தான். முகம் மட்டும்தான் என்னுடையது. உடம்பு ஏதோ நடிகனுடையது. இரண்டு கையிலும் இரண்டு துப்பாக்கி. பின்னால் தீ. பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது. மண்ணில் மூஞ்சியைப் புதைத்துக் கிடந்தவன் நான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போகலாமா என்றிருந்தது. மச்சினன் மாலையோடு வந்து, "எத்தன பேர போட்டிய மச்சான்?" என்று கேட்டான். அடித்துவிடுவேனோ என்று பயந்து வீட்டுக்கு நடந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரிக்கும் அதே மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு துப்பாக்கியோடு, நின்றபடி. சிக்கல் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. உடல் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில். புது வேட்டி கட்டப் புரட்டியவர்கள் முதுகில் காயத்தைப் பார்த்துவிட்டார்கள். பிளக்ஸில் நெஞ்சு. பெட்டியில் முதுகு. டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. ஓடியிருக்கான். ஓடும்போது வாங்கியிருக்கான்.

அவர்கள் தெருவில் ஒரு பழக்கம். பட்டாளத்துக்குப் போய் இறந்தவர் படத்தைத் தெருச் சாவடியில் மாட்டுவார்கள். மாரிக்கு ஆணி அடித்தாயிற்று. படம் மாட்டவில்லை. அவன் பெரியப்பாதான் சாவடிக்குப் பெரிய மனுஷர். காயத்தைப் பார்த்தவரும் அவரே. "முதுகுல வாங்குனவன் படத்த நம்ம பாட்டன்மார் வரிசையில எப்படிய்யா மாட்டுறது?" என்று அழுதுகொண்டே சொன்னாராம்.

மாரியின் மனைவி செல்வராணி போன் செய்தாள்.

"அண்ணே, கடைக்குப் போனாக்கூட பேச்ச நிறுத்திட்டுப் பாக்காவ. அவிய ஓடிட்டாவளாம். நீங்கதான கூட இருந்திய. ஒரு தரம் வந்து சொல்லிட்டுப் போங்கண்ணே."

போனேன். சாவடி முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. வாயால் சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை. முறை என்கிறேன், உத்தரவு என்கிறேன். பெரியப்பா தரையைப் பார்க்கிறார். சரி, செய்து காட்டுகிறேன் என்று இரண்டு கம்பு கேட்டேன். ஒரு ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, "நான் மாரி. நீதான் நான். நான் ஓடி வரும்போது நீ சுடணும்" என்றேன். அவன் காலை அகட்டி நின்று, கம்பை இடுப்பில் வைத்து, வாயால் படபடவென்று சத்தம் போட்டான். கூட்டம் சிரித்தது.

"படுலே! நின்னா செத்த!"

என் சத்தத்தில் அவன் விழுந்தே விட்டான். நான் வெள்ளை வேட்டியோடு புழுதியில் குப்புறப் படுத்தேன். எழுந்தேன். குனிந்து ஓடினேன். மூச்சு வாங்கியது. வேட்டி அவிழ்ந்து காலில் சுற்றியது. மாரி விழுந்த மாதிரியே முன்பக்கமாக விழுந்தேன். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தது வலது காதில் கேட்டது. நண்பன் செத்ததை ஊர் நடுவே நடித்துக் காட்டிக்கொண்டு கிடக்கிறேன். எனக்கு வந்த வெட்கம் இதற்கு முன் வந்ததில்லை. கொஞ்ச நேரம் எழவே இல்லை.

புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து சொன்னேன். "மொத ஓடுனது நான். எம் முதுகும் எதிரிக்கு இப்படித்தான் தெரிஞ்சுது. அவன் சுட்டான், தப்பிச்சேன். அவன் ஓடுனான், நானுந்தான் சுட்டேன். குண்டு வந்த பக்கம் வேற. ஓடிப்போனான்னா மொத என்னச் சொல்லுங்க."

பெரியப்பா கண்ணைத் துடைத்தார். "சரிப்பா. மாட்டிருவோம்" என்றார். செல்வராணி தலை நிமிர்ந்தாள். அவர் மேலும் சொன்னார்: "ஆனா அந்தப் பிளக்ஸ்ல இருக்க படத்தச் சின்னதாக்கி மாட்டுவோம். நெஞ்சக் காட்டி நிக்கான்லா, அதுல. நின்னு சண்டபோட்டுச் செத்தான்னு கீழ எழுதிருவோம். பொறவு ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

கூட்டம் தலையாட்டியது. நல்ல மனதோடுதான் சொன்னார். நான்தான் என்ன செய்தேன்? பேசாமல் நின்றேன். படம் ஏறினால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன்.

செல்வராணி வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். லீவில் வந்தபோது எடுத்தது. கைலி கட்டி, வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அதை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.

"அது அவிய ஒடம்பு இல்ல மாமா. யாரோ ஆம்பள ஒடம்ப எங்க வீட்டுக்காரர்னு மாட்டாதிய. மாட்டுனா இத மாட்டுங்க. இல்லன்னா வேண்டாம்."

கைலிப் படம் மாட்ட முடியாது என்று பெரியப்பா கையை விரித்தார். என் பக்கம் திரும்பினாள். எந்தக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். வலது பக்கம் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அவிய ஓடி வரும்போது ஒங்களப் பாத்துத்தான வந்தாவ?"

"ஆமா தாயி."

"அப்ப அவனுவளுக்குத்தான் முதுகு. ஒங்களுக்கு நெஞ்சு. கடைசியாப் பாத்ததும் ஒங்க மொகத்தத்தான். அது போதும்ணே எனக்கு."

அந்த முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் இறங்கியதும் மச்சினனைக் கூப்பிட்டு என் பிளக்ஸை இறக்கச் சொன்னேன். அவன் இறக்கவில்லை. நானே கத்தியால் கிழித்தேன்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மாரிச்சாமி, துப்பாக்கி வீரன், ஸ்ரீவில்லிபுத்தூர். என் இடது காது. இரண்டு பேண்டேஜ். செல்வராணி தெருவில் தலை நிமிர்ந்து நடந்த நடை. சாவடிச் சுவரில் ஒரு படம். ஆணி மட்டும் இருக்கிறது. "எந்திரி" என்ற சொல். வீட்டில் யாரையும் நான் அப்படிச் சொல்லி எழுப்புவதில்லை.