சாயந்திர மாத்திரை

காலை மின்சார ரயில். பட்டாபிராம் தாண்டியதும் எதிர் இருக்கையிலிருந்த ஐம்பது வயதுப் பெண் உரக்கச் சொன்னார்: “அது என் கிட்னிடா. அத்த பட்னி போட நீ யாரு?”

பக்கத்தில், முகக்கவசம் அணிந்த அவர் தம்பி. அவனுடைய சாப்பாட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அக்கா தன் மடியில் பரப்பியிருந்தார்.

“இன்னிக்கு இதெல்லாம் காலியாயிருக்கணும். பாதி மிச்சம் கீது. எப்டி?”

“சாயந்திரம் போட்றத வுட்டுட்டேன்க்கா. ஆபரேசனுக்கு இன்சூரன்ஸ்ல குட்த்தாங்க. ஊட்டுக்கு வந்தப்புறம் அறுவது நாள் மாத்திரைக்கும் குட்த்தாங்க. இப்ப கேட்டா, ஆஸ்பத்திரில படுத்தாதான் தருவோம்ன்றாங்க. பாதி சம்பளம் மெடிக்கல்லயே பூடுது.”

“அறுவது நாள்ல அது உன் சொந்த கிட்னி ஆயிடுமாமா? ஆயுசுக்கும் மாத்திரை போடணும்னு டாக்டர் எய்தி குட்த்தாரே, அத்த படிக்கத் தெரியாதா அவனுங்களுக்கு? என் வயித்த அறுத்து எடுக்க காசு கீது. எட்த்தத காப்பாத்த காசு இல்லியா?”

“கிட்னி கெட்டுப்போனா அட்மிட் பண்ணுவாங்க. அப்ப குடுப்பாங்கக்கா.” அவன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப யார்கிட்ட போய் நிப்ப? என்கிட்ட இன்னும் ஒண்ணுதான் கீது.”

அம்பத்தூர் வருவதற்குள் அவர் அட்டைகளை அடுக்கிப் பையில் வைத்துக் கொடுத்தார். அவன் இறங்கி நடந்தபின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

“சாயந்திரம் ஏழு மணிக்கு வீடியோ கால் பண்ணுவேன். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும்!”