தேத்தண்ணி தந்த வில்லன்

விழாத் தலைவர் அவர்களே! எங்கள் சனசமூக நிலையத்தின் அசையாத் தூணே, கதிரையை விட்டு எழும்பாத கருணைக் கடலே, அப்புத்துரை ஐயா அவர்களே! வயல் வேலையைப் போட்டுவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் கைபேசியுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! பரந்தனில் பஸ் பிடித்து வந்த இளையோரே! உங்கள் அனைவருக்கும் யோகலிங்கத்தின் பணிவான வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். சிரிக்காதையுங்கோ, முயற்சி செய்யிறன்.

இன்று நாங்கள் அறிமுகம் செய்வது நூலா? இல்லை. பாட்டா? இல்லை. கண்டாவளை தந்த எங்கள் பிள்ளை கிருசாந்தி உருவாக்கிய கணினி விளையாட்டு! நெல்லை விதைக்க வேண்டும், நீரைப் பாய்ச்ச வேண்டும், வில்லனிடமிருந்து விளைச்சலைக் காக்க வேண்டும். அந்த வில்லனுக்கு முதலில் குரல் கொடுத்தவன் யார்? அடியேன்! ஊரிலேயே பெரிய தொண்டை என்னுடையதாம்.

கொடுத்தேனா குரல்? இரணைமடுக் குளமே கலங்கும்படி கொடுத்தேன்! "அடேய் அற்பப் பதரே! அண்டம் அதிரும், ஆகாயம் உதிரும், அழிவே உன் கதி!" என்று முழங்கி, மூச்சு முட்டும்வரை சிரித்தேன். பத்துக் கைகளோடு குளத்துக்குள்ளிருந்து எழும்பி வந்தான் என் வில்லன்.

விளையாடியவர்கள் நடுங்கினார்களா? மிக்சர் சாப்பிட்டார்கள்! வசனத்தைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதை அமத்தினார்கள். தடியால் இரண்டு போட்டார்கள், ஆள் விழுந்தான். "யோகலிங்கண்ணை செத்திட்டார்" என்று கைதட்டல் வேறு. மனம் நொந்துபோனேன், பெரியோர்களே. உண்மையாகவே நொந்துபோனேன்.

"ஏன் பிள்ளை, என்ர குரலிலை என்ன குறை?" என்று கேட்டேன்.

"குரலிலை குறையில்லை மாமா. அவன் கத்துறானே தவிர, எங்களிட்டை இருந்து ஒண்டையும் எடுக்கேல்லை. பிறகேன் பயப்பிடோணும்?" என்றாள் கிருசாந்தி.

புது வில்லன் வந்தான். இரண்டே கைகள். சிரிப்பில்லை, சீற்றமில்லை, சிலிர்ப்பில்லை. வெள்ளைச் சட்டையோடு வாய்க்கால் கரையில் ஒரு கதிரையில் இருப்பான். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுக் கதவின் திறப்பு, அந்த ஒரே சாவி, அவன் சட்டைப் பையில். பயிர் வாட, நீங்கள் போய்த் தண்ணீர் கேட்பீர்கள். அடிப்பானா? மாட்டான். ஏசுவானா? மாட்டான்! பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவான். "பாப்பம் பிள்ளை, கமிற்றியோடை கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்பான். குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு வயல் காய்ந்திருக்கும். மறுபடி போவீர்கள். மறுபடி தேத்தண்ணி. மறுபடி பாப்பம். மறுபடி ஒரு வயல்!

மிக்சர் நின்றது, மக்களே! தடியால் அடிக்கலாம்தான். அடித்தால் திறப்பு வாய்க்காலுக்குள் போய்விடும். ஆகவே கும்பிட வேண்டும். யார் பயிரைக் காயவிடுகிறானோ, அவனையே கும்பிட வேண்டும்! அதுதான் பயம். கைபேசியில் விளையாட்டே தொட்டறியாத வீரம்மாக்கா திரையைப் பார்த்துக் கத்தினார்: "உந்த ஆளை எனக்குத் தெரியும்!"

ஏன் எல்லாரும் தலைவரைப் பாக்கிறியள்? திரை இந்தப் பக்கம்!

தலைவர் தங்கமானவர். இந்த நிலையத்துக் கணினி அறையை நாடா வெட்டித் திறந்தவர் அவர். அன்றைக்கே பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டவரும் அவர். கணினியில் தூசி படக்கூடாதென்ற கவலை! கிருசாந்தி போய்க் கேட்ட போதெல்லாம் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். சீனியும் அளவாக இருந்ததாம். பிள்ளை இரவல் மடிக்கணினியில் இதைச் செய்தாள். கொடுத்தவர்கள் நாளைக்குத் திருப்பிக் கேட்கிறார்கள். கடைசிக் காட்சி இன்னும் செய்தாகவில்லை. அந்த அறை திறக்காவிட்டால் இவ்வளவு உழைப்பும் பாதியில் நிற்கும்.

வில்லன் கடைசியில் திறப்பைத் தருவானா என்று கேட்டேன். "அதை நான் முடிவெடுக்கேலாது மாமா" என்றாள்.

ஐயா, நீங்கள் எடுங்கோ. முடிவையும், பைக்குள்ளை இருக்கிறதையும்.

என்ன ஐயா? மைக்கிலை சொல்லுங்கோ, பின்னுக்குக் கேக்கேல்லையாம். சபையோரே, தலைவர் "பாப்பம்" என்கிறார்!

சிரித்தது போதும். நன்றி சொல்லி அமர்வதே மேடை முறை. ஆனால் எதற்கு நன்றி சொல்வேன்? இதோ நீட்டிய கை. இதில் திறப்பு விழும்வரை பேசுவேன்! பொழுது சாய்ந்தாலும் பேசுவேன்! கடைசி பஸ் போனாலும் பேசுவேன்! என் தொண்டையை ஊரறியும். இந்த வில்லனைத் தாண்டிப் போகப் பொத்தான் கிடையாது!

ஆ, கை பைக்குப் போகுது. வந்திட்டுது! கிருசாந்தி, ஓடி வா பிள்ளை, பிடி. தலைவருக்கு என் நன்றி, சபைக்கு என் வணக்கம். ஆராவது ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ.