முதுகெலும்புத் தடம்

செயினுக்கு எண்ணெய் விடுகிறவர்களில் பாதிப் பேர் அதை வெளிப்பக்கமாக விடுகிறார்கள். உள்பக்கமாக விட வேண்டும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் தானாக வெளியே பரவிக்கொள்ளும். ஸ்டேஷன் வாசலில் நிற்கிற உங்கள் பைக்கைப் பார்த்தேன், ஐயா. செயின் காய்ந்து கிடக்கிறது. இப்படியே ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி இறந்துபோனது பற்றிப் பேச வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றுகள் அரசாங்க நிலம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மெக்கானிக் பட்டறை வைத்த புதிதில் அங்கே ஆடு போகிற தடம்கூடச் சரியாகக் கிடையாது. முள்ளும் சரளையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் நான்தான் பைக் ஓட்டுகிற தடம் வெட்டினேன். மழைத்தண்ணீர் அறுக்காமல் இருக்க மண்ணை எங்கே சரிக்க வேண்டும், எங்கே கல் பதிக்க வேண்டும், எந்த மேட்டில் வண்டி தாவ வேண்டும், எல்லாம் என் கணக்கு. உச்சியில் இரண்டு பக்கமும் சரிவாக, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ஒரு தடம் ஓடுகிறது. அதற்கு முதுகெலும்பு என்று பெயர் வைத்ததும் நான்தான். அந்த நாட்களில் என் மனைவி கேலி செய்வாள். "வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மாசக்கணக்குல இழுக்குறீங்க. மலைக்குன்னா மட்டும் மண்வெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுறீங்க." நியாயமான பேச்சுதான்.

மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், பெயிண்ட் கடைக்காரர், பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டர் என்று மண்பாதையில் வண்டி ஓட்டும் ஆசை உள்ளவர்கள். ஞாயிறு காலையில் என் பட்டறை வாசலில் கூடிக் கிளம்புவோம். என்னை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மைத்துனன் கடைசியாக வந்து சேர்ந்தவன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனை மலைக்கு அழைத்துப் போய் வண்டியில் ஏற்றியவன் நான். முதல் வருடம் விழாத இடம் கிடையாது. அப்புறம் என்னைவிட நன்றாக ஓட்ட ஆரம்பித்துவிட்டான். இதைச் சொல்ல எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நான் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவன். அவன் கல்லைப் பார்க்கவே மாட்டான். வண்டி அதுபாட்டுக்குப் போகும், அவன் சிரித்துக்கொண்டு கூடப் போவான். ஆட்களோடு பழகுவதிலும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒருவர் என் பட்டறையில் வண்டியை நிறுத்தி, "கண்ணாடிக் கடைக்காரர் தடம்னு சொல்றாங்களே, அது எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வழி சொன்னேன். டயரில் காற்று குறைவாக இருந்தது, அதையும் அடித்துக் கொடுத்தேன்.

அவன் ஓட்டுவதில் ஒரே ஒரு குறை இருந்தது. முதுகெலும்பில் ஒரு வளைவு தாண்டியதும் கரடுமுரடான இறக்கம் வரும். அங்கே எல்லோரும் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றுதான் ஓட்டுவோம். நான் கற்றுக்கொடுத்தது அப்படி. அவன் மட்டும் உட்கார்ந்தபடி, டேங்க் மேல் குனிந்து போவான். பலமுறை சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இதுதான் மாமா வசதியா இருக்கு" என்பான்.

பறவை டீச்சரை நீங்களே விசாரித்திருக்கிறீர்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குடையை ஊன்றிக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு குன்றில் அலைவார். தரையில் முட்டையிடும் பறவைகள் எங்கள் சக்கரத்தில் சாகின்றன, ஓடைத் தண்ணீரெல்லாம் சேறாகிறது என்று மேலிடம் வரை மனு போட்டார். வனத்துறை கேட் போட்டது. பக்கத்தில் வேலி போட்டது. வாகனங்களுக்குத் தடை என்று மஞ்சள் பலகை வைத்தது. நான் வெட்டிய தடத்தின் வாயில் நின்று அந்தப் பலகையைப் படித்தேன். கோபம் வரவில்லை. பலகை நேராக நடப்படவில்லை என்பதுதான் கண்ணில் பட்டது.

நாங்களும் எதிர் மனு கொடுத்தோம், ஊர்வலம் போனோம். மைத்துனன் வேறு ஒன்று செய்தான். டீச்சர் வீட்டுக்கே போய்ப் பேசினான். அவரோடு குன்றுக்கு நடந்து போனான். ஒரு சாயங்காலம் பட்டறையில் எல்லோரும் கூடியிருக்கும்போது என் வேலை மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"மாமா, அந்தம்மா சொல்றதுல தப்பில்ல. நானே பார்த்தேன். முட்டை தரையிலயே கெடக்கு, கூழாங்கல்லு மாதிரி. நாம எத்தனை முட்டை மேல வண்டிய ஏத்தியிருப்போமோ."

"அதுக்காக? கேட்டப் பூட்டிட்டாங்க, போகட்டும்னு விட்டுடலாமா?" என்றேன்.

"விடச் சொல்லல. பழைய கல்குவாரிய நமக்குன்னு தர ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒத்துக்கிட்டார். கீழ்த்தடத்துல முட்டை வைக்காத மாசத்துல ஓட்டிக்கலாம். முதுகெலும்ப மட்டும் விட்டுக் கொடுத்துடணும்."

மட்டும் என்றான்.

சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னான். ஆம்புலன்ஸ் டிரைவர் தூக்கினார். விளையாட்டு மாஸ்டர் தூக்கினார். பெயிண்ட் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தூக்கினார். இவர்கள் ஒவ்வொருவர் வண்டியையும் நான் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அவர்கள் போன பிறகு ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வாரியாக மாட்டினேன். வழக்கமாகச் செய்கிற வேலைதான்.

அப்போதுதான் நிதானமாக யோசித்தேன். ஒரு தடம் மூடப்படுவது யாருக்கும் செய்தி அல்ல. தடத்தில் ஒருவன் அடிபட்டால் அது செய்தி. டீச்சரோடு வருகிறவர்கள் ஏற்கெனவே எங்கள் பாதையில் மரக்கிளைகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். கிளை போட்டவர்கள் கம்பியும் கட்டுவார்கள் என்று சொன்னால் ஊர் நம்பும். ஊர் கொதித்தால் தடை நிற்காது. யாருக்காவது கையோ விலாவோ முறியும். முறிந்த எலும்பு கூடிவிடும், மூடிய தடம் திறக்காது. இதில் பிழை எங்கே இருக்கிறது என்று அப்போதும் தேடினேன், எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன், கடைசியாக ஒருமுறை முதுகெலும்பில் ஓட்டிக்கொள்ள ரேஞ்சர் அனுமதி கொடுத்திருந்தார். ஞாயிறு காலை. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, போல்ட் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

"வரும்போது தம்பிக்குப் பிடிச்ச அந்த உப்பு பிஸ்கட் வாங்கிட்டு வாங்க. நாளைக்கு வண்டி ஓட்டிட்டு இங்கதான் சாப்பிட வரேன்னிருக்கான்."

கேட் பக்கத்தில் வேலி போட்டு மிச்சமான கம்பிச் சுருள் கிடந்தது. வேண்டிய அளவு வெட்டிக்கொண்டேன். வளைவு தாண்டி, இறக்கம் தொடங்குகிற இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினேன். கட்டுவதற்கு முன் தரையில் நின்று, பிறகு குனிந்து, உயரம் பார்த்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் பிஸ்கட் வாங்கினேன். மறக்கவில்லை.

காலையில் ரேஞ்சரே வந்து கேட்டைத் திறந்தார். டீச்சரும் வந்திருந்தார். குடையை மடக்கி வைத்துக்கொண்டு, "பார்த்துப் போயிட்டு வாங்கப்பா" என்றார். சிலர் கை அசைத்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. மைத்துனன் தன் வண்டியை ஓரம் கட்டி எனக்கு வழி விட்டான்.

"மாமா, முதல்ல நீங்க போங்க. உங்க தடம்."

எல்லோர் முன்னிலும் சத்தமாகத்தான் சொன்னான்.

"முட்டி வலிக்குது. நீ போ, நான் பின்னாடி வரேன்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். கடைசி நாள்தானே."

"அங்க சேர்ந்து போக முடியாதுடா. ஒரு வண்டிதான் போகும்."

அவன் சிரித்தான். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினான்.

என் முட்டிக்கு ஒன்றுமில்லை, ஐயா.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. வளைவுக்கு அப்பால் இன்ஜின் சத்தம் மட்டும் மாறியது. மேலே ஆள் இல்லாத வண்டியின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். என் தொழிலில் அது தெரியும். நாங்கள் போய்ப் பார்த்தபோது கம்பி அறாமல் அப்படியே இருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். எத்தனையோ விபத்துகளைப் பார்த்த மனிதர். தன் சட்டையைக் கழற்றி அவன் கழுத்தை மூடினார். வேறொன்றும் செய்யவில்லை.

நீங்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரிகிறது. அந்த உயரத்தில் கட்டினால், எழுந்து நின்று ஓட்டுகிறவனுக்கு வயிற்றில் படும். தூக்கி எறியும், ஆனால் பிழைத்துக்கொள்வான். உட்கார்ந்து குனிந்து வருகிறவனுக்கு வேறு இடத்தில் படும். அது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அங்கே எழுந்து நிற்க வேண்டும் என்று அவனுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கேட்டிருந்தால் அவன் இன்று கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பான்.

மற்றது உங்களுக்கே தெரியும். டீச்சர் வீட்டுப் பின்கட்டில் கொடி படர அதே கம்பியைக் கட்டியிருந்தார். வேலியில் மிச்சமானதை வனத்துறையிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. கூட்டம் அவர் ஜன்னல்களை உடைத்தது. நீங்கள் அவரை அழைத்துப் போனீர்கள். என்னிடமும் விசாரித்தீர்கள். "அந்தம்மாவுக்கு எங்களைக் கண்டா ஆகாதுங்க" என்றேன். அது பொய் இல்லை. முன்னே ஒரு காலத்தில் அவருக்கு எங்களைக் கண்டால் ஆகாதுதான்.

என் மனைவி காலையில் எழுந்ததும் தம்பியின் கடைக்குப் போய்விடுகிறாள். வியாபாரம் எதுவும் செய்வதில்லை. மூக்குக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிறாள். ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அன்னிக்கு நீங்க முதல்ல போயிருந்தா" என்று ஆரம்பித்தாள். நான் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அவளும் முடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். நான் போகாமல் இருந்தது நல்லது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, நினைத்ததற்காக அழுதாள். சமையலறையிலிருந்து கேட்டது.

என் கணக்கு தப்பவில்லை. ஊர் கொதித்தது, தடையை எடுத்தார்கள். முதுகெலும்பு திறந்துவிட்டது. இன்று காலை விழா. உயர் அதிகாரி ரிப்பன் வெட்டினார். மஞ்சள் பலகை இருந்த இடத்தில் பெரிய பலகை வைத்து, துணியை விலக்கினார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மைத்துனன் சிரிக்கிற படம். மேலே கொட்டை எழுத்தில் அவன் பெயர். கீழே, "இந்தத் தடத்தை உருவாக்கியவர், இதற்காகவே உயிர் நீத்தவர்."

மைக்கில் என்னை அழைத்தார்கள். "அன்னாருடைய அக்கா கணவர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார்கள். பேசினேன். கை தட்டினார்கள். இறங்கி வந்து பெயிண்ட் கடைக்காரரைத் தனியே கூப்பிட்டேன். பலகை அவர் எழுதியது.

"உருவாக்கியவர்னு போட்டிருக்கியே, அது தப்பு இல்லையா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "செத்தவனுக்கு அது கூடச் செய்யலேன்னா எப்படி மேஸ்திரி? இந்த நேரத்துல இதையெல்லாமா பார்ப்பாங்க?"

அங்கிருந்து நேராக இங்கே வருகிறேன். வயதான அம்மா, மூச்சிரைப்பு வேறு, செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறார். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் வந்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

கம்பியைக் கட்டியது நான். யார் முதலில் வருவான், எப்படி வருவான் என்று தெரிந்துதான் கட்டினேன். அவனைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். டீச்சரை இன்றே அனுப்பிவிடுங்கள். மனைவிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

இன்னும் ஒன்று. விஷயம் வெளியே போனதும் ஆட்கள் அந்தப் பலகையைப் பிடுங்க வருவார்கள். பிடுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா. 'இந்தத் தடத்தை உருவாக்கியவர்' என்பது அப்படியே இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.