ட்ரெவருக்கு ஒரு பள்ளிக்கூடம்

— டீ ஆறிப்போயிருந்துச்சுங்கறது ஒரு காரணமா ட்ரெவர்? கென்ட்டுக்கு நீ விமானம் ஓட்டக் கத்துக்கப் போனியா, டீ குடிக்கப் போனியா?

— டீயையே சூடா குடுக்கத் தெரியாதவன் இன்ஜினை எப்படிப் பார்த்துக்குவான்? நான் சொல்றது சரிதானே ஹேசல்?

— சரி, சர்ரே பள்ளிக்கூடத்துல சூடாத்தானே குடுத்தாங்க?

— அங்க வாசல்ல நின்ன காருங்களப் பார்த்தியா? எல்லாம் பணக்காரப் பசங்க. என்ன வேலை பார்த்தீங்கன்னு ஒருத்தன் கேட்டான். லண்டன்ல பாதாள ரயில் ஓட்டினேன்னேன். 'அப்படியா, நல்லது'ன்னுட்டு முதுகைக் காட்டிட்டான்.

— ஹெர்ட்ஃபோர்டுல கத்துக் குடுக்க வந்த பொண்ணு நல்லாத்தானே பேசினா?

— பேசுவா, பேசுவா. பெரிய கம்பெனில வேலை கிடைக்கிற வரைக்கும் பறந்த மணிக்கணக்கு ஏறணும்ல, அதுக்கு என்னை மாதிரி கிழங்களை உட்கார வச்சுக்கிட்டு சுத்துறா. வேலை கிடைச்சா அவ போயிடுவா. நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சரிதானே?

— ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இதே பொழப்பாப் போச்சு. லண்டனைச் சுத்தி ஏழு பள்ளிக்கூடம். ஏழுலயும் ஒரு நொட்டை.

— அவசரம் உனக்குத்தான்.

— ஆமா, எனக்குத்தான். நான் எதையும் மறைச்சு வைக்கல. நீ ரிட்டயர் ஆன அன்னிக்கே சொன்னேன். நான் பென்சான்ஸ் ஊருக்கே போய் எங்கக்கா கரோலோட இருக்கப் போறேன், ஆனா உன்னை நாலு மனுஷங்க பழகுற இடத்துல சேர்த்துட்டுத்தான் போவேன்னு. சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— பறக்கணும்னு கேட்டது நீ. முப்பது வருஷம் மண்ணுக்கடியில ஓட்டினேன், இனிமே மேல ஓட்டணும்னு. ஓட்டிக்கோ. எனக்கு வேண்டியதெல்லாம் ஒண்ணுதான். நீ வீட்டுக்குள்ள விழுந்து கிடந்தா, 'எங்கடா இந்த ட்ரெவரைக் காணோம்'னு ஒருத்தனாவது தேடணும்.

— அதுக்கு ஒரு நாய் வாங்கிக் குடுத்திருக்கலாம். பெட்ரோலாவது மிச்சமாயிருக்கும்.

— நாய்க்கும் பேச்சுத்துணை வேணும் ட்ரெவர்.

— பாரு, வாசல்லயே சேறு.

— எஸ்ஸெக்ஸ்ல மார்ச் மாசம் பின்ன கம்பளமா விரிச்சிருக்கும்? இறங்கு. இதுதான் கடைசி, சொல்லிட்டேன். இங்கயும் மூக்கைச் சுளிச்சேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இந்தக் கார்ல ஏற மாட்டேன். நேரா ரயில்ல ஏறிடுவேன். நீ என்னவோ ஆகிக்கோ.

— வாங்க கண்ணு, வாங்க! கால்ல சேறா? அப்படியே வாங்க, உள்ளயும் அதேதான். நான் வென்டி. டீ போடறது, ஃபோன் எடுக்கறது, ரன்வேல புல்லு வெட்டறது எல்லாம் நான்தான். நீங்கதானே ட்ரெவர்? ஒரு தடவை மேல போய்ப் பார்க்கணும்னு ஃபோன் பண்ணீங்களே?

— நான்தான். கத்துக் குடுக்கிறவரு எத்தனை நாள் இங்க இருப்பாரு?

— கோர்டனா? அவன் என் புருஷன் கண்ணு. நான் துரத்தினாக்கூடப் போக மாட்டான். அதோ, இறக்கையைத் துடைச்சுட்டு நிக்கறான் பாருங்க. குளிர்ந்தா சீட்டுக்குப் பின்னால கம்பளிக் கோட்டு இருக்கு. போட்டுக்குங்க.

— விமானம் ரொம்பப் பழசா இருக்கே ஹேசல்.

— நீ மட்டும் புதுசா? போயிட்டு வா.

— நீ வரலியா?

— ரெண்டே சீட்டுதான் ட்ரெவர். போ.

— போயிட்டாரு. நீங்க உட்காருங்க கண்ணு. பன்றிக்கறி வறுத்து ரொட்டில வச்சுத் தரட்டுமா? இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு பறக்க வர்றதில்ல, அதுக்குத்தான் வர்றாங்க.

— டீ போதும் வென்டி. ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. இங்க ஆளுங்க எப்படி? பழகுவாங்களா?

— பழகறதா? விடவே மாட்டானுங்க. ஒரு ஞாயிறு வரலேன்னா வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவானுங்க. போன மாசம் ஆர்ச்சின்னு ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஆளாளுக்கு சூப்பு தூக்கிட்டுப் போயிட்டானுங்க. காய்ச்சலே பரவாயில்லன்னு அழுதான் பாவம்.

— வாயே திறக்காத ஆளா இருந்தா?

— திறக்க வைப்பானுங்க. இல்லேன்னா அவனுக்கும் சேர்த்து இவனுங்களே பேசிக்குவானுங்க.

— அதான் வேணும். அதேதான் வேணும்.

— அதைச் சொல்றப்ப ஏன் கண்ணு, உங்க முகம் சுண்டிப்போச்சு?

— அவன் இங்க சேர்ந்துட்டா நான் கிளம்பிடுவேன். அவனை விட்டுட்டு. அப்படித்தான் பேச்சு.

— ஐயோ. கை நீட்டுவானா?

— சேச்சே. நீட்டியிருந்தா எப்பவோ போயிருப்பேன். பேச மாட்டான் வென்டி. நாள் முழுக்க ரயில்ல ஒத்தையா உட்கார்ந்து இருட்டையே பார்த்துட்டு வருவான். வீட்லயும் அப்படியே உட்கார்ந்திருப்பான். எங்கம்மா போன அன்னிக்கு நான் அழுதுட்டே வீட்டுக்குள்ள வரேன், 'சாப்பிட என்ன இருக்கு'ன்னு கேட்டான். அன்னிக்கே மனசு விட்டுப் போச்சு.

— விட்டுப் போகாம என்ன செய்யும்?

— ஆனா இந்த ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கார்ல பேசுறான். குறைதான் சொல்றான், ஆனா பேசுறான். கென்ட்லேர்ந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு ஆறிப்போன டீயைப் பத்தியே பேசினான்! கல்யாணமான புதுசுலகூட எங்கிட்ட அவ்வளவு பேசினதில்ல.

— நல்லதுதானே கண்ணு?

— எனக்கு இப்பத்தான், நீங்க பேசுறப்பத்தான் உறைக்குது. ஏழு இடம் பார்த்து ஏழையும் வேணாங்கறவன் பறக்க ஆசைப்படறவனா? சேர்ந்துட்டா நான் போயிடுவேன்னு அவனுக்குத் தெரியும். 'போகாத'ன்னு சொல்ல அந்த வாய்க்கு வரல. அதான் டீ ஆறிப்போச்சு, வாசல்ல காரு நிக்குது, சேறு கிடக்குதுன்னு சொல்லிட்டுத் திரியறான்.

— அட! அதை அவன்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?

— கேட்டா இல்லைன்னு சாதிப்பான். வறட்டு ரோஷம். நான் ஒரு மடச்சி, இன்னிக்குப் பார்த்து இதுதான் கடைசின்னு கத்திட்டேன்.  அவன் கீழ வந்து ஏதாவது ஒரே ஒரு நொட்டை சொல்லணும் வென்டி.

— சொன்னா?

— கரோலுக்கு ஃபோன் போட்டு, நான் வரலடி, என் ரூமை வாடகைக்கு விட்டுடுன்னு சொல்லிடுவேன். இன்னும் ஏழு பள்ளிக்கூடம் பார்ப்போம். இங்க தீர்ந்துபோனா ஸ்காட்லாந்து வரைக்கும் போவோம். ஒரு மனுஷன் என்னை நிறுத்தி வைக்கணும்னே ரெண்டு வருஷமா பொய்க்குறை சொல்றான். எனக்கு இது போதும்.

— அப்ப அவனுக்கு வச்ச டீயை ஆறப் போடட்டுமா?

— போடுங்க. சர்க்கரையும் போடாதீங்க.

— நீங்க சரியான ஆளு கண்ணு! அதோ பாருங்க, இறங்கிட்டாங்க. உங்காளு இப்படி ஓடி வர்றானே?

— ஹேசல்! ஹேசல்!

— என்ன ட்ரெவர்? மூச்சு வாங்குது, முகமெல்லாம் சிவந்து கிடக்கு. உடம்புக்கு என்ன?

— எப்பிங் தெரிஞ்சுது ஹேசல்! எங்க பாதாள ரயிலு மண்ணுக்கு மேல வந்து நிக்கிற கடைசி ஸ்டேஷன்! தீப்பெட்டி மாதிரி இத்தனூண்டு! அதுலேர்ந்து என் ரயிலு ஊர்ந்து போகுது. முப்பது வருஷம் அதுக்குள்ளயா அடைஞ்சு கிடந்தேன்? அப்புறம் கோர்டன் ஸ்டியரிங்லேர்ந்து ரெண்டு கையையும் எடுத்துட்டான். முழுக்க முழுக்க நான்தான் ஓட்டினேன்!

— விமானம் பழசுன்னியே.

— பழசுதான் நல்லது. கோளாறு இருந்தா சத்தம் போட்டுச் சொல்லிடும்.

— முதல்ல இந்த டீயைக் குடி.

— குடு. ஆகா.

— எப்படி இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு, ஏன்?

— ஆறிப்போயிருக்கு ட்ரெவர். சர்க்கரை இல்ல.

— இருக்கட்டுமே, டீயில என்ன இருக்கு? வென்டி, சேர்றதுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?

— கொஞ்சம் இரேன். இப்பவே போடணும்னு என்ன? கேம்பிரிட்ஜ் பக்கம் ஒண்ணு இருக்காம், அடுத்த ஞாயித்துக்கிழமை அதையும் பார்த்துட்டு...

— எதுக்கு? இதைத்தானே ரெண்டு வருஷமா தேடினேன். நீ என்னமோ எங்கிட்டத்தான் குறைன்ன. குறையெல்லாம் அந்த ஏழு இடத்துலதான் இருந்துச்சு. நான் சொன்னது சரிதானே?

— வேற எதுக்காகவும் இல்லியே ட்ரெவர்? அந்த ஏழையும் வேணாம்னது?

— வேற எதுக்கு? பிடிக்கல, வேணாம்னேன்.

— அவசரம் இல்ல கண்ணு, அப்புறமாக்கூடக் கையெழுத்துப் போடலாம். முதல்ல உங்க பொண்டாட்டி முகத்தைப் பாருங்க.

— அவளுக்கு என்ன, அவ ஆசைப்பட்டது நடந்துடுச்சு. ஆங், ஹேசல், பென்சான்ஸுக்கு எப்ப கிளம்புற? வியாழக்கிழமைக்குள்ளன்னா நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுடறேன். வெள்ளிக்கிழமைலேர்ந்து எனக்கு இங்க வகுப்பு இருக்கு.