வலப்பக்கத்து ஆளு

பேசாதய்யா, பேசாத. வைத்தியர் இப்பத்தானே தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டுப் போனாரு? வாயத் தொறந்தா தாடை எடம் மாறிப் போயிருமாம், அப்புறம் சாகுற வரைக்கும் காது வழியாத்தான் கஞ்சி குடிக்கணுமாம். சரி சரி, காது சமாச்சாரம் நான் சேத்துக்கிட்டது. அய்யோ, சிரிக்காத! சிரிச்சாலும் வலிக்கும்ல.

இந்தா, இந்த நாணல் தண்ட வாயோரமா வெச்சுக்க. பார்லிக் கஞ்சி, தேன் ஊத்தியிருக்கேன். மெதுவா உறிஞ்சு அல்கோன், எங்கயும் ஓடிப்போயிராது. நெழலுக்கு நல்லா நகந்து சாஞ்சுக்க. இந்தக் கருவாலி மரம் நமக்குன்னே நிக்குது, சண்டை நடந்த எடத்துல இதொண்ணுதான் மிதிபடாம தப்பிச்சிருக்கு.

என்ன, கையக் காட்டுற? யாரு ஜெயிச்சாங்கன்னா?

அதத்தான்யா வெயில் சாஞ்சதுலேருந்து எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கோம். வலது ஓரத்துல நாம அவனுங்கள வெரட்டு வெரட்டுன்னு வெரட்டிட்டோம். இடது ஓரத்துல அவனுங்க நம்மாளுங்கள வெரட்டு வெரட்டுன்னு வெரட்டிட்டானுங்க. அங்க பாரு, நம்ம வெற்றிக் கம்பம். தலைக்கவசமெல்லாம் மாட்டி ஜோராத்தான் இருக்கு. இப்ப அப்படியே கண்ண அந்த மேட்டுக்குக் கொண்டு போ. தெரியுதா? அது அவனுங்க வெற்றிக் கம்பம். மாந்தினேயாக்காரன் அங்க பாட்டுப் பாடுறான், தெகேயாக்காரன் நாம இங்க பாட்டுப் பாடுறோம். நடுவுல அந்தப் பாழாப்போன தண்ணி மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு.

மத்த ஊருலயெல்லாம் தண்ணி வேணும்னு அடிச்சுக்குவான். நாமதான்யா தண்ணி எனக்கு வேணாம், நீ வெச்சுக்கன்னு அடிச்சுக்குறோம். மழை பெஞ்சா அவன் கரைய வெட்டி நம்ம கோதுமைய முழுகடிக்குறான், நாம கரைய வெட்டி அவன் கோதுமைய முழுகடிக்குறோம். எங்க தாத்தா காலத்துலயும் இதே சண்டை, இதே வயலு. மண்வெட்டியோட வந்து ஒழுங்கா ஒரு வாய்க்கா தோண்டுனா முடிஞ்சு போற விஷயம். ஆனா பாரு, மண்வெட்டிய எடுன்னா ஒருத்தனும் வரமாட்டான், ஈட்டிய எடுன்னா ஊரே வரிசையில நிக்குது.

உனக்கு எது வரைக்கும் ஞாபகம் இருக்கு? ஆடு வெட்டுனது? அது இருக்கும், யாருக்குத்தான் மறக்கும். குறி சொல்றவரு ஒரு ஆட்ட வெட்டி ஈரலப் பாத்தாரு, ம்ஹூம்னு தலைய ஆட்டுனாரு. இன்னொண்ணு வெட்டுனாரு, அதுக்கும் ம்ஹூம். நாம வெண்கலத்த மாட்டிக்கிட்டு வெயில்ல வெந்துக்கிட்டு நிக்குறோம், எனக்குக் கவசத்துக்குள்ள வேர்வை கால்வழியா ஓடுது. நம்ம தளபதி கோர்கோஸ், பாவம், பல்லக் கடிச்சுக்கிட்டு, சாமி, மந்தை தீர்றதுக்குள்ள ஒரு நல்ல ஈரலாப் பாருங்கன்னான் பாரு. அடுத்த ஆட்டுக்கே ஈரல் சரியாப் போச்சு.

அதுக்கப்புறம்தான் கோர்கோஸ் உன்ன மூணாவது வரிசையிலேருந்து இழுத்துக்கிட்டு வந்து முன்வரிசையில நிறுத்துனான். என் வலப்பக்கத்துல. அப்ப உன் மூஞ்சி போன போக்கு இருக்கே! உங்க மாமன்கிட்ட இரவல் வாங்குன தலைக்கவசம் வேற, ஒரு பக்கமாச் சுத்திக்கிட்டு ஒத்தைக் கண்ணால முழிக்குற. உன் கேடயத்துல சேவல்னு ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்க. சத்தியமாச் சொல்றேன், அது வாத்துய்யா. எதிராளி பயப்படணும்னு எழுதுறதப் பாத்து எனக்கே சிரிப்பு வந்துருச்சு. என் காட்டுப்பன்னிய ஒண்ணும் சொல்லாத. அது பன்னிதான். கொஞ்சம் இளைச்ச பன்னி.

ஆனா அல்கோன், சிரிச்சேனே ஒழிய, என் கண்ணு உன் கேடயத்த விட்டு நகரல. ஏன்னு உனக்கும் தெரியும். கேடயத்துல பாதிதான் நமக்கு, மீதிப் பாதி இடப்பக்கம் நிக்குறவனுக்கு. ஈட்டி புடிக்குற கை வெளிய நீட்டியிருக்கு, அக்குளு தொறந்து கெடக்கு, அத மூடுறதுக்கு வலப்பக்கத்தான் கேடயத்த விட்டா நாதி இல்ல. அதனாலதானே நாம எல்லாரும் நடக்க நடக்க நண்டு மாதிரி வலது பக்கமாவே ஒதுங்குறோம், அடுத்தவன் கேடயத்துக்குள்ள புகுந்துக்கலாம்னு. ஒவ்வொரு சண்டையிலயும் நேராத்தான் கெளம்புறோம், போய்ச் சேர்றப்ப எதிராளியத் தாண்டி எங்கயோ அத்தி மரத்துகிட்ட நிக்குறோம்.

போன சண்டையில என் வலப்பக்கம் நின்னது யாருன்னு தெரியும்ல? லாம்பிஸ். எங்க மச்சான்தான், வேற யாரு. என் தங்கச்சி மெலித்தாவக் கட்டிக்குடுத்த மாப்பிள்ளை. பாக்க எப்படி இருப்பான்! தோளு இம்மாம் அகலம், கேடயத்துல சிங்கம், தங்க நெறத்துல புடரி மயிரு. விருந்துல ஒக்காந்தான்னா மாந்தினேயாவ அவன் ஒருத்தனே அடிச்சு முடிச்சிருவான். நானும் நெனச்சேன், ஆகா, கோட்டைச் செவுரே நம்ம வலப்பக்கம் வந்து நிக்குதுன்னு.

குழல் ஊதுனாங்க, பாட்டுப் பாடுனோம், ஓடுனோம். கேடயமும் கேடயமும் டமார்னு மோதுன சத்தம் அடங்கல, வலது பக்கம் சில்லுன்னு காத்து வருது. என்னடா இது, கொளுத்துற வெயிலுல குளுகுளுன்னு இருக்கேன்னு திரும்பிப் பாத்தா, ஆளக் காணோம். சிங்கம் மட்டும் தரையில மல்லாக்கப் படுத்துக் கெடக்கு. கேடயத்தத் தூக்கி எறிஞ்சுட்டு முயல் கணக்கா மலையப் பாத்து ஓடுறான். அடுத்த மூச்சுல ஈட்டி எனக்கு விலாவுல இறங்கிருச்சு. இந்தா, இங்க தொட்டுப் பாரு, குழி இன்னும் இருக்குல்ல? அதுலேருந்து பனிக்காலம் முடியுற வரைக்கும் நான் படுத்த படுக்கை.

மெலித்தா என்ன பண்ணுனா தெரியுமா? அழல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அவன் திரும்பி வர்றதுக்கு முன்னாடி அவன் படுக்கை, அவன் செருப்பு, அவன் குடிக்குற கிண்ணம் எல்லாத்தையும் வீதியில வெச்சா. தன் தறியப் பிரிச்சு வண்டியில ஏத்திக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து சேந்துட்டா, அத்தோட அந்தக் கல்யாணம் முடிஞ்சுது. லாம்பிஸ் இப்ப ஓர்கோமெனோஸ் மலையில யாரோட ஆட்டையோ மேய்ச்சுக்கிட்டு இருக்கானாம். ஆடாவது அவன விட்டு ஓடாம இருக்கணும்.

ம்? கஞ்சி போதுமா? இன்னும் கொஞ்சம் குடி. வைத்தியர் பாத்திரத்தக் காலி பண்ணச் சொல்லியிருக்காரு.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன். நீ பாதியிலயே மயங்கிட்ட, உன் கதைய உனக்கே நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. குழல் ஊதுனது ஞாபகம் இருக்கா? ஓடுனது? மோதுனது? சரி, அது வரைக்கும் இருக்கு.

மோதுன மோதலுல உன் ஈட்டி படக்குனு ரெண்டா போச்சு. எனக்குக் கேட்டுச்சு. போச்சுடா மோலோன், காத்து வரப்போகுதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஈட்டி முறிஞ்சவன் ரெண்டாவது வரிசைக்குப் பின்வாங்கி நின்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. பின்னாடி நின்ன அந்தப் பாலாடைக்கட்டி விக்குற தடியன் முன்னாடி வந்திருப்பான். அவன் வேற, ஈட்டியப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் அவனுக்குப் பின்னாடி நிக்குறவன் மூக்க, கம்போட அடியில கூரா இருக்குற அந்த அடிப்பூணால இடிச்சு, நம்ம படையிலயே மூக்கொடைஞ்சவன் ஒருத்தன் இருக்கான்.

ஆனா நீ பின்வாங்கல. கையில கெடந்த முறிஞ்ச கம்பத் திருப்பிப் புடிச்ச, அடிப்பூண் முன்னால வர்ற மாதிரி. அத வெச்சுக்கிட்டே குத்துற. கம்மாளன் ஆணி அடிக்குற மாதிரி டொக்கு டொக்குன்னு. தலைக்கவசம் சுத்திக்கிட்டதால உனக்குக் கண்ணே தெரியல, அது எனக்குத் தெரியும். யாரக் குத்துறோம்னு தெரியாமலே குத்துன. ஒரு தடவ என் முழங்கையவும் குத்துன. பரவால்ல, விடு.

எனக்கு எதிர்ல ஒரு செம்பட்டைத் தாடிக்காரன், தலைக்கு மேல ஈட்டியத் தூக்கிக்கிட்டு என் அக்குளையே பாக்குறான். பசிச்சவன் அடுப்பப் பாக்குற மாதிரி பாக்குறான். அவன் எறக்குறான், டங்குன்னு உன் வாத்து மேல படுது. மறுபடி எறக்குறான், மறுபடி வாத்து. என் கை பாட்டுக்கு அது வேலையப் பாக்குது, வலது பக்கத்தப் பத்தி எனக்கு நெனப்பே இல்லாமப் போச்சு. அல்கோன், எத்தனையோ சண்டை பாத்துட்டேன், அப்படி ஒரு நிம்மதிய நான் பாத்ததில்ல.

அப்பத்தான் உன் எதிர்ல நின்னவன் ஈட்டி முனை போச்சு. அவன் அந்தக் கம்ப ரெண்டு கையாலயும் புடிச்சு உன் மூஞ்சியப் பாத்து ஓங்குறான். நான் ஓரக்கண்ணால பாத்தேன். அது உனக்கும் தெரிஞ்சுச்சு. ஒத்தைக் கண்ணுல தெரிஞ்சுச்சு, இல்லன்னு சொல்லாத. கேடயத்தக் கொஞ்சம் மேல தூக்கியிருந்தா உன் மூஞ்சி தப்பிச்சிருக்கும். தூக்கியிருந்தா செம்பட்டைத் தாடி என் அக்குளுல முழு ஈட்டியவும் விட்டிருப்பான். நீ தூக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டு அப்படியே நின்ன. கடிச்ச பல்லுல ரெண்டு இப்ப இல்ல, அது வேற விஷயம்.

பளார்னு ஒரு சத்தம். முழங்கால் மடிஞ்சு ஒக்காந்துட்ட. ஆனா கேடயம் சாயல. தோள அதுக்குள்ள முட்டுக்குடுத்துக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, ஆளுக்கு நெனவு போச்சு, கேடயம் மட்டும் நிக்குது. பின்னாடி இருந்த அத்தன பேரும் அந்த நேரம் பாத்து ஒரு தள்ளுத் தள்ளுனாங்க பாரு, அதுல எதிர்வரிசை பொளந்துருச்சு. செம்பட்டைத் தாடி திரும்பி ஓடுறான். நாங்க உன்னத் தாண்டிப் போய்த்தான் அவனுங்கள வெரட்டுனோம். திரும்பி வந்து பாத்தா நீ அதே எடத்துல, அதே மாதிரி. கேடயத்துலேருந்து உன் கையப் பிரிக்குறதுக்கு ரெண்டு ஆளு வேண்டியதாப் போச்சுய்யா.

என்ன? தரையில என்ன எழுதுற? கோ... கோர்கோஸ்? ஓ, கோர்கோஸ் ஏன் உன்ன முன்னாடி இழுத்துட்டு வந்தான்னு கேக்குறியா? அவனுக்கு உன் மேல என்ன கோவம்னு காலையிலேருந்து மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டிருக்கியாக்கும்.

அவனுக்கு ஒரு கோவமும் இல்ல. நான்தான் கேட்டேன். நான் கேட்டேன்னா, நானாக் கேக்கல. மெலித்தா சொல்லிக் கேட்டேன்.

இரு, எந்திரிக்காத. ஒக்காரு சொல்றேன். ஓடு மேயற ஆளுன்னு உன்னக் கூப்பிட்டா, ஒரே ஒரு ஓட்ட மாத்துறதுக்குப் போன பனிக்காலம் முச்சூடும் எங்க கூரை மேல ஏறி ஒக்காந்திருந்தியே, நான் கீழ படுக்கையில கெடந்தேன்ல, விலாவுலதான் காயம், காதுல இல்லய்யா. மேல நீ ஓட்ட நகத்தி வெச்சுக்கிட்டு, கீழ அவ தறிய நிறுத்தி வெச்சுக்கிட்டு, நீங்க பேசுனதெல்லாம் எனக்கு மனப்பாடம். அடைக்க வந்த ஓட்டைய நீ பெருசாக்கிட்டுத்தான் போன. மழைத்தண்ணி நேரா என் நெத்தியில சொட்டுச்சு. நான் ஏதாவது சொன்னேனா? சொல்லல.

இன்னைக்குக் காலையில என் கவசத்துக்கு வாரு கட்டிவிட்டுக்கிட்டே சொல்றா, அண்ணே, அந்தக் கூரை ஓட்டுக்காரர உன் வலது பக்கம் நிறுத்திக்க, நின்னாருன்னா நான் அவரக் கட்டிக்குறேன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்டி, ஓடிட்டான்னா? அப்படின்னேன். வாரை இன்னும் ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டுட்டு, கொஞ்சம்கூட யோசிக்காம சொன்னா, ஓடிட்டாருன்னா நீ வந்து சொல்றதுக்கு இருக்கமாட்ட, நானே தெரிஞ்சுக்குறேன்னு.

கூடப் பொறந்தவ பேசுற பேச்சாய்யா இது?

இந்நேரம் வாசல்ல நின்னு பாதையப் பாத்துக்கிட்டிருப்பா, அண்ணன் நடந்து வர்றானா, கேடயத்துல வெச்சுத் தூக்கிட்டு வர்றாங்களான்னு. நான் நடந்துதான் போவேன். போய் அவகிட்ட என்ன சொல்லட்டும்? அவளக் கட்டிக்க உனக்கும் சம்மதம்னா என் கையப் புடி, போதும்.

யோவ், மெதுவா, அந்த முழங்கைதான்யா நீ குத்துனது! சரி சரி, புரிஞ்சுருச்சு, விடு. அட, அழாதய்யா. கட்டெல்லாம் நனையுது.