வைஜயந்திக்குப் பிடித்த படம்

படம் ஓடும்போது பாப்கார்ன் கொறிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வைஜயந்திக்கோ அது இல்லாமல் படம் பார்க்கவே முடியாது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் நாங்கள் வாய்விட்டுப் போட்ட சண்டை அந்த அளவில்தான். வக்கீல் சார், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பத்ரிநாத். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் சொந்த ஃப்ளாட். குழந்தைகள் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. வருடா வருடம் உலகப் பட விருதுக்குப் பரிந்துரையான படங்களை அறிவித்ததும் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவோம். முடிவு வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். விருது எவன் வாங்கினால் என்ன, நம் மனசுக்கு எது முதல் என்பதுதான் எங்கள் பேச்சு.

ஒரு வருடம்கூட அவள் என் படத்தைச் சொன்னதில்லை. எனக்குப் படத்தில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் கடைசியில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அவளுக்கு யாராவது கதவைத் திறந்துகொண்டு கிளம்பிப் போக வேண்டும். வாதம் பண்ணினால், "நீங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. கொஞ்ச நாளில் கீழ்வீட்டு பாமாவோடு தியேட்டருக்குப் போக ஆரம்பித்தாள். பாமா ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பெண். இரண்டு பேரும் பேசிச் சிரித்தபடி படியேறி வரும்போது நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு வைஜயந்திக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். "போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருக்கிற பார்வை நிற்கும்" என்றார் டாக்டர். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவளால் படிக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு தமிழில் சொன்னேன்.

"ஏன்னா, நீங்க சொல்றச்சே குரல் ரொம்ப நன்னா இருக்கு" என்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னிடம் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

மருந்தையும் நான்தான் போட்டுவிடுவேன். அது எரியும். ஒரு கணபதி விசர்ஜனத்தின்போது மருந்து தீர்ந்துபோயிற்று. தெருவெல்லாம் ஊர்வலம், கடைகள் மூடிக் கிடந்தன. அவள் கவலைப்படுவாளே என்று, காலிப் புட்டியில் என் கண் வறட்சிக்கு நான் போடுகிற சொட்டு மருந்தை நிரப்பினேன். விஷம் ஒன்றும் இல்லை, சார். "இன்னிக்கு எரியவே இல்லை" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைகள் திறந்த பிறகும் வரவில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதிகளை நானே ஃபோன் செய்து தள்ளிப் போட்டேன். இடது கண் முழுக்கப் போயிற்று. வலது கண்ணில் சாவித் துவாரம் அளவு மிச்சம் இருந்தது. பாமாவோடு வெளியே போவது நின்றுவிட்டது. திரையில் நிழல் அசைவது தெரியும்; யார், என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் நான் சொன்னால்தான் உண்டு. அவ்வளவு நெருக்கமாக நாங்கள் வாழ்ந்ததே இல்லை.

போன வருடம் ஒரு படம். மலைக் கிராமத்தில் ஒருத்தி புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் வருகிறது, ஏறிப் போய்விடுகிறாள். நான், "பஸ்ஸை விட்டுட்டா. ஆத்துக்கே திரும்பி நடக்கறா" என்றேன். வைஜயந்தி வெகு நேரம் அழுதாள். சந்தோஷ அழுகைதான். பிறகு, "இந்த வருஷம் எனக்கு இதுதான்" என்றாள். நான் சொன்ன விதத்தில் எனக்கும் அதுதான். முதல் முறையாக இரண்டு பேருக்கும் ஒரே படம். அன்றைக்கு என் மனசு நிறைந்த மாதிரி என்றைக்கும் நிறைந்ததில்லை.

ஹோலிக்குப் பாமா பூரண்போளி கொண்டுவந்தாள். பேச்சு அந்தப் படத்துக்குப் போயிற்று.

"அவ எங்கீங்க மாமி திரும்பி வந்தா? பஸ் ஏறிப் போயிட்டாளுங்க. அதுதானுங்களே படமே!"

மறுநாள் வைஜயந்தி புனேயிலேயே கோந்த்வாவில் இருக்கிற தன் தம்பி சேஷுவின் வீட்டுக்குப் போனாள். மருந்துப் புட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சேஷு புதிதாக வாங்கிப் போட்டான். எரிந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்து, "இன்னொரு சொட்டு விடுடா" என்றாளாம். அதற்குப் பிறகு வேறொரு டாக்டரிடம் போனதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

"அத்திம்பேர், நீங்க ஒரு மனுஷனா?" என்று சேஷு என் வீட்டு வாசலில் நின்று கத்தினான். அவள் கத்தவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் நிற்காத பக்கமாகப் பார்த்துக் கேட்டாள்.

"கண்ணு போனது போகட்டும். அவ பஸ் ஏறிப் போனதை ஏன் எங்கிட்டேருந்து மறைச்சேள்?"

அதன் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

மருந்தை மாற்றியது நான்தான். பார்வை போய்விடும் என்று தெரிந்தே மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். எனக்காக வாதாட வேண்டாம். சேஷுவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்த வருடப் படங்களை அறிவித்துவிட்டார்கள். அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், அவளுக்குக் கதை சொல்ல அவர்களால் ஆகாது. நான் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டேன். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே பார்த்தேன். இந்த வருடம் அவளுக்கு எந்தப் படம் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.